பிப்ரவரியில் பிறந்த குழந்தை, செப்டம்பர் உயிலில் வயிற்றில் இருக்கிறதே? (வர்ஜீனியா, 1708)

கேள்வி:
வணக்கம். என் கணவரின் அம்மா வழிக் குடும்பம் அமெரிக்காவில் வர்ஜீனியாவின் யார்க் கவுண்டியை (நம் மாவட்டம் மாதிரி) சேர்ந்தது. மாமியாருக்கு 84 வயது. தன் முன்னோர் ஒருவர் யாருடைய பிள்ளை என்று தெரிந்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்கிறார். மூன்று மாதமாகத் தேடியதில் ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அங்குள்ள சார்லஸ் பாரிஷ் (சர்ச்சின் பங்கு) பதிவேட்டின் அச்சுப் பிரதியில் அவர் பிறந்தது 10 பிப்ரவரி 1708 என்று, அப்பா அம்மா பெயரோடு இருக்கிறது. அதே அப்பா 1708 செப்டம்பரில் உயில் எழுதியிருக்கிறார். நவம்பரில் கவுண்டி நீதிமன்றத்தில் அது பதிவாகியிருக்கிறது. உயிலில் மகன் பெயரே இல்லை! மனைவி இப்போது சுமக்கும் குழந்தைக்கு நிலம் என்று மட்டும் எழுதியிருக்கிறது. வீட்டில் ஏழு மாதக் குழந்தை இருக்கும்போது அதை விட்டுவிட்டு, பிறக்காத பிள்ளைக்கு நிலம் எழுதுவாரா?

1723 மே மாத உத்தரவில் நீதிமன்றம் அந்தப் பையனை 'அனாதை' என்கிறது. அவனே ஒருவரைக் காப்பாளராகத் தேர்ந்தெடுக்கிறான். அந்த மனிதர் 1727இல் எழுதிய உயிலில் அவனை 'சன் இன் லா' என்கிறார். அவருக்கு மகள் இருந்ததாக எந்தப் பதிவும் இல்லை. ஒரே பெயரில் இரண்டு பேரைக் குழப்பிக்கொள்கிறேனா?

பதில் 1:
இரண்டு பேர் இல்லை, ஒருவர்தான் என்று நினைக்கிறேன். சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது.

1752க்கு முன்னால் இங்கிலாந்திலும் அதன் காலனிகளிலும் சட்டப்படி வருடம் பிறந்தது மார்ச் 25இல். நமக்கு இது புரிய கஷ்டமே இல்லை. பங்குனி முடியும்வரை பழைய வருஷம்தானே? அதேபோல அவர்களுக்கு 1708 டிசம்பர் முடிந்ததும் வந்த ஜனவரி, பிப்ரவரியும் 1708தான். ஆக அந்தப் பிப்ரவரி 1708 நம் கணக்கில் 1709. செப்டம்பரில் உயில் எழுதும்போது அம்மா நிஜமாகவே கர்ப்பமாக இருந்திருக்கிறார். அப்பா முகத்தைப் பார்க்காத பிள்ளை அது.

ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்ததும் அதே வர்ஜீனியாவில், பழைய கணக்கில் 11 பிப்ரவரி 1731. நாம் சொல்வது 22 பிப்ரவரி 1732. வருடத்தோடு 11 நாளும் மாறியதற்குக் காரணம், 1752இல் செப்டம்பர் 2க்கு மறுநாளை 14 என்று வைத்தார்கள். நீங்கள் தேதியை மாற்ற வேண்டாம். 10 பிப்ரவரி 1708/9 என்று இரண்டு வருடத்தையும் எழுதுங்கள். அக்கால எழுத்தர்கள் பலரும் அப்படித்தான் எழுதினார்கள்.

ஆனால் இது என் ஊகம். மாமியாரிடம் சொல்வதற்கு முன் நீதிமன்றப் பதிவில் ஓர் ஆதாரம் தேடுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. மீதிக் குழப்பம் சொற்களால் வந்தது.

அந்த நீதிமன்றங்களில் அப்பா இறந்தாலே பிள்ளை அனாதைதான், அம்மா உயிரோடு இருந்தாலும். 'சன் இன் லா' என்றால் இன்றைக்கு மருமகன். அன்று மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த மகனையும் அப்படித்தான் சொன்னார்கள். இந்த ஒரு சொல்லால் இல்லாத மகளைத் தேடி வருடக்கணக்கில் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். விதவை மறுமணம் செய்துகொண்டாரா என்று பாருங்கள். உயிலை நிறைவேற்றும் பொறுப்பு அவரிடம் இருந்தால், கணக்கு ஒப்படைக்க வரும்போது புதுக் கணவரின் குடும்பப் பெயரோடு வருவார். பழைய பெயரில் தேடினால் கிடைக்காது.

அனாதைப் பிள்ளைக்கு 14 வயது நிரம்பினால் காப்பாளரைத் தானே தேர்ந்தெடுக்கலாம். அதற்குக் கீழே என்றால் நீதிமன்றம் நியமிக்கும். 1708இல் பிறந்திருந்தால் 1722 பிப்ரவரியில் 14 ஆகும், 1709 என்றால் 1723இல்தான். அதனால் 1722 ஜனவரியிலிருந்து பக்கம் பக்கமாகப் படியுங்கள். பெயர் அட்டவணையை மட்டும் நம்ப வேண்டாம், ஒரே பெயரை நாலு விதமாக எழுதியிருப்பார்கள். யார்க்கின் நீதிமன்றப் பதிவுகள் 1633இலிருந்து இருக்கின்றன, அது பெரிய பாக்கியம். பக்கத்து நியூ கென்ட்டில் 1787இல் நீதிமன்றம் எரிந்தது. ஜேம்ஸ் சிட்டி கவுண்டியின் பதிவுகள் பத்திரமாக இருக்கட்டும் என்று தலைநகர் ரிச்மண்டுக்கு அனுப்பப்பட்டு, 1865 ஏப்ரல் தீயில் போய்விட்டன.

கேள்வி கேட்டவர்:
கிடைத்துவிட்டது! இரண்டு வாரம் இரவில் உட்கார்ந்து படித்தேன். 1711இல் அம்மா புதுக் கணவரோடு வந்து முதல் கணவரின் சொத்துக் கணக்கை ஒப்படைத்திருக்கிறார். அந்தப் புதுக் கணவர்தான் 1727 உயிலை எழுதியவர். 1722 ஜூலையில், பழைய காப்பாளர் இறந்ததால் நீதிமன்றமே ஒருவரை நியமிக்கிறது. பையனுக்கு 14 ஆகவில்லை என்று அதில் தெளிவாக இருக்கிறது. நம் கணக்கு 1708 பிப்ரவரியில் பிறந்திருந்தால் அப்போது 14 தாண்டியிருக்கும். 1709தான்.

பதில் 3:
மகிழ்ச்சி. ஒரு வேண்டுகோள். அந்த 1708 உயிலிலோ சொத்துப் பட்டியலிலோ அடிமைகளின் பெயர்கள் இருந்தால், ஒன்றுகூட விடாமல் எழுதி வையுங்கள். தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை என்று வர்ஜீனியா 1662இல் சட்டம் போட்டது. அதனால் பட்டியல்களில் தாயோடு பிள்ளையையும் சேர்த்து எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. சார்லஸ் பாரிஷ் பதிவேட்டில் அடிமைக் குழந்தைகளின் பிறப்பும் எஜமானர் பெயரோடு இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டால் யாரோ ஒருவருடைய கொள்ளுப்பாட்டியின் பாட்டி கிடைக்கலாம். அந்த அடிமைகளின் வழிவந்தவர்கள் தேடுவதற்கு வேறு காகிதம் அநேகமாக இல்லை.

கேள்வி கேட்டவர்:
இருக்கின்றன ஐயா. ஒரு பெண், இரண்டு பிள்ளைகள். கொப்பரை, கட்டில், பசுக்களோடு சேர்த்து விலை போட்டிருக்கிறார்கள். முதலில் படித்தபோது கண்ணில் பட்டும் கடந்து போயிருக்கிறேன், அது இப்போது உறுத்துகிறது. பெயர், விலை, பக்க எண் எல்லாம் தனியாக எழுதிவிட்டேன். இன்று மாலை பாரிஷ் பதிவேட்டை எடுக்கிறேன்.

மாமியாரிடம் நேற்று சொன்னேன். 14 வயது ஆனதும் அவன் தானாகப் போய் யாரைக் கேட்டான் என்று திரும்பத் திரும்ப விசாரித்தார். அம்மாவின் இரண்டாவது கணவரைத்தான் என்றேன். "அப்போ நல்லபடியா வளர்த்திருக்கார்" என்றார்.