செத்துப்போச்சுன்னு பையில கட்டிட்டேன்: பாஸம் பார்த்தவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

எடிசன்வாசி

மூணு வாரம் ஆச்சு, இன்னும் மனசு ஆறல, அதான் எழுதறேன். நாங்க இருக்கறது நியூஜெர்சி. ராத்திரி பத்தரை இருக்கும், ஜிம்மியைப் பின்பக்கம் விட்டேன், ஒரே குரைப்பு, ஓடிப்போய்ப் பார்த்தா வேலியோரம் ஒரு பாஸத்தை (அமெரிக்காவுல இருக்கற, பூனையளவு, வயித்துல பை உள்ள விலங்கு) வாயில கவ்வி உதறிட்டு இருக்கான். அவனை எப்படியோ இழுத்து உள்ள போட்டுட்டு டார்ச்சோட திரும்பப் போனேன். ஒருக்களிச்சுக் கிடக்கு, வாய் பொளந்து பல்லெல்லாம் வெளிய, நாக்கு ஒரு பக்கமா தொங்குது, கண்ணு தொறந்தபடி நிலைகுத்தி நிக்குது, பின்பக்கம் பச்சையா என்னமோ கழிஞ்சிருக்கு, அந்த நாத்தம் நாலு நாள் பொணம் மாதிரி. மண்வெட்டியால தள்ளிப் பார்த்தேன், மரக்கட்டை மாதிரி உருண்டுச்சு. பெரிய கறுப்புப் பையில போட்டு ரெண்டு முடிச்சுப் போட்டு கராஜ் பக்கத்துல வெச்சுட்டேன், காலைல குப்பை வண்டி வர்ற நாள்.

ஒரு மணி நேரம் கழிச்சு வீட்டுக்காரர் ஷிப்ட் முடிஞ்சு வந்தார், சொன்னேன், செருப்பைக்கூடக் கழட்டாம அப்படியே ஓடினார். பையைக் கிழிச்சு வெச்சுட்டு ரெண்டு பேரும் தள்ளி நின்னோம். ரொம்ப நேரம் ஒண்ணுமே இல்ல. அப்புறம் ஒரு காது. தாள் மாதிரி மெல்லிசா கறுப்பா இருக்குமே, அது லேசா துடிச்சுது, நின்னுது, மறுபடி துடிச்சுது. பத்து நிமிஷத்துல தலையைத் தூக்கி சுத்திப் பார்த்துட்டு, தள்ளாடித் தள்ளாடி வேலிக்கு அடியில போயிடுச்சு.

அந்த ஒரு மணி நேரமும் அதுக்கு நினைவு இருந்திருக்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பனிக்காட்டான்

நான் கனடாவில ஸ்காபரோ. இவ்வளவு தெற்குக்கு நீங்கள் இருக்கிறதால உங்கட போஸம் முழுசா இருந்திருக்கும். எங்கட டெக்குக்கு (வீட்டுக்குப் பின்னால இருக்கிற மரத்தளம்) கீழ இருந்ததைப் பாத்திருந்தா அழுதிருப்பியள். போன வருசம் மாசி மாசம், மைனஸ் 18, பட்டப்பகல். அப்பா ஊரில இருந்து வந்து நிண்டவர், யன்னலால பாத்திட்டு "தம்பி, பெரிய அகிளான் ஒண்டு நிக்குது, ஓடி வா" எண்டார் (அகிளான் எண்டா பெருச்சாளி). எனக்கும் முதல் பார்வைக்கு அப்பிடித்தான் இருந்தது, மூஞ்சை கூரா வெள்ளையா, வால் மயிரில்லாம. ஆனா பூனையளவு பெரிசு, காது ரெண்டும் ஓரமெல்லாம் கருகி ஆரோ கத்தரிக்கோலால நறுக்கினமாதிரி, வால் நுனி கறுத்துக் காய்ஞ்சுபோய் இருந்தது. காதிலயும் வாலிலயும் மயிர் இல்லை, குளிர் கடிச்சுப்போடும். கரடி மாதிரி குளிர்காலம் முழுக்கப் படுத்துக் கிடக்கவும் தெரியாது. பசிச்சா எந்தக் குளிருக்கயும் வெளிய வரத்தான் வேணும்.

அப்பா கேக்கேல்ல, அவிச்ச முட்டை ஒண்டைக் கொண்டுபோய் வைச்சிட்டார். அது முன்னங்கை ரெண்டாலயும் அதைத் தூக்கிப் பிடிச்சு, சின்னப்பிள்ளை மாதிரிச் சாப்பிட்டது. அந்த விரலுகள் ரோசா நிறம். போன பிறகு பனியில அடியைப் பாத்தம், பின்னங்கால் பெருவிரல் தனிய விலகி நிக்குது, அசல் ஒரு கைதான். அப்பா இப்ப ஊரில, போன் எடுத்தா இண்டைக்கும் முதல் கேள்வி "அந்தச் சீவன் இருக்கோ" எண்டுதான். அதுக்குப் பிறகு நாங்கள் காணேல்ல. நான் இன்னும் அவருக்குச் சொல்லேல்ல.

பீச்சுமரம்

அட்லாண்டால எங்க பேக்யார்டுல ரெகுலரா வரும். யாரும் விரட்டாதீங்க, வாரத்துக்கு 5000 உண்ணி தின்னுமாம், உண்ணி கடிச்சா வர்ற லைம் நோய் வராம காப்பாத்துறதே இதுதான்.

ஷுகர்லேண்ட்

உண்ணி எல்லாம் விடுங்க, நான் இதைச் சொல்லியே ஆகணும். ரெண்டு வருஷம் முன்னாடி ஏப்ரல்ல ஆபீஸ் போற வழியில ரோட்டோரம் ஒண்ணு அடிபட்டுக் கிடந்துச்சு, செத்து விறைச்சுப் போச்சு, அப்படியே தாண்டிப் போயிருப்பேன், ஆனா வயிறு அசைஞ்சுது. வண்டியை ஓரங்கட்டிட்டு இறங்கிப் பார்த்தா வயித்துல ஒரு பை, எங்க பாட்டி இடுப்புல சொருகி வெச்சிருப்பாங்களே சுருக்குப்பை, அதே மாதிரி வாய் சுருங்கி இருக்கு. லேசா விரிச்சா உள்ள ஏழு குட்டி. கண்ணு தொறக்கல, முடி இல்ல, ஒவ்வொண்ணும் ஒரு காம்பைக் கவ்விட்டு இருக்கு, தாய் செத்தது அதுங்களுக்குத் தெரியல. நான் ஒண்ணைப் புடிச்சு இழுத்துட்டேன். அதைத்தான் இன்னும் தாங்க முடியல. வாய்க்குள்ள போனதும் காம்பு நுனி வீங்கிக்கும், பூட்டு போட்ட மாதிரி ஆயிடும், இழுத்தா வாய் கிழிஞ்சிடும்னு எனக்கு எப்படித் தெரியும்.

கையோட போன் பண்ணினேன், காட்டு விலங்குகளை வளர்த்து விடற ஒரு அம்மா, "தொடாதே, தாயோட சேர்த்து அப்படியே ஒரு பெட்டியில வெச்சு சூடா எடுத்துட்டு வா"ன்னு சொன்னாங்க. ஆறு பொழைச்சுது. நான் இழுத்தது பொழைக்கல.

அவங்க சொல்லித்தான் மத்ததெல்லாம் தெரியும். கர்ப்பம் வெறும் 12, 13 நாள்தானாம். பொறக்கும்போது ஒரு தேனீ அளவுதான், பின்னங்கால்கூட சரியா வந்திருக்காது, முன்னங்கையாலயே ரோமத்தைப் புடிச்சுப் புடிச்சு பைக்குள்ள ஏறணும், தாய் தூக்கி விடாது. இருபது குட்டிகூடப் பொறக்குமாம், காம்பு 13தான், கெடைக்காதது அப்படியே போயிடும். ரெண்டு மாசத்துக்கு மேல பைக்குள்ள, அப்புறம் தாய் முதுகுல தொத்திக்கிட்டு சவாரி, மூணு மூணரை மாசத்துல தனியாப் போயிடும். இவ்வளவு கஷ்டப்பட்டு வந்தும் காட்டுல ரெண்டு வருஷம் இருந்தாலே பெருசாம். கொஞ்சம் வளர்ந்தப்புறம் ஒருநாள் போய்ப் பார்த்தேன், பெட்டியைத் தொறந்ததும் ஆறும் "ச்சூ, ச்சூ"ன்னு தும்மற மாதிரி சத்தம் போட்டுச்சு. ஜலதோஷமான்னு கேட்டேன். இல்ல, அம்மாவைக் கூப்பிடுதுன்னாங்க.

மிச்சிகன்மாமா

எங்க வீட்டு கராஜ்ல ஒண்ணு வந்து உர்ருன்னு வாயைத் தொறந்து காட்டிச்சு, 50 பல்லும் தெரிஞ்சுது, கதவைத் தொறந்து வெச்சேன், அதுவா போயிடுச்சு. என் கதை அவ்வளவுதான். ஆனா இங்க சிலது சரிப்படுத்தணும்.

உண்ணி விஷயம். 2009ல பாஸத்தைக் கூண்டுல வெச்சு மேல உண்ணியை விட்டு, அப்புறம் கீழ விழுந்ததை மட்டும் எண்ணி, கணக்குல வராததெல்லாம் தின்னுடுச்சுன்னு வெச்சுக்கிட்டாங்க, அதுல இருந்துதான் இந்த 5000 கிளம்புச்சு. 2021ல இலினாய்ல 32 பாஸத்தோட வயித்தைத் தொறந்து பார்த்ததுல ஒரு உண்ணி கூட இல்ல. உண்ணி தின்னாத்தான் அதை வாழ விடணுமா என்ன? வெறிநாய்க்கடி பயம் இருக்கறவங்களுக்கும் சொல்றேன், இதோட உடம்புச் சூடு நம்மளை விடக் கம்மி, அந்தக் கிருமி இதுகிட்ட ரொம்ப அபூர்வம். எச்சில் வழியறதைப் பார்த்து அடிச்சுக் கொல்லாதீங்க.

ஸ்காபரோ தம்பி, முட்டை வெச்சது தப்பு. உங்கப்பா நல்ல மனசுல செஞ்சிருப்பார், ஆனா வீட்டு வாசல்ல சோறு கெடைக்கும்னு பழகினா ரோட்டைக் கடக்கும், நாய்கிட்ட மாட்டும். டெக்குக்கு அடியில வராம இருக்கணும்னா முதல்ல ஓட்டைல நியூஸ்பேப்பரை லேசா அடைச்சு வைங்க, ரெண்டு மூணு ராத்திரி கலையாம இருந்தா உள்ள யாரும் இல்லன்னு அர்த்தம், அதுக்கப்புறம்தான் கம்பி வலை. வலையை மண்ணுக்குள்ள ஒரு அடி எறக்கி வெளிப்பக்கமா மடக்கணும், இல்லன்னா தோண்டிடும். வசந்த காலத்துல அடைக்கவே அடைக்காதீங்க, குட்டி உள்ள மாட்டிக்கும். பூனைச் சாப்பாட்டை ராத்திரி வெளிய வைக்காதீங்க, குப்பைத் தொட்டி மூடிக்கு ஒரு பெல்ட் போடுங்க. கூண்டுல புடிச்சு தூரமா விடறதும் வேணாம், ஒன்டாரியோவுல ஒரு கிலோமீட்டருக்கு மேல கொண்டுபோகவே கூடாது. பக்கத்துல குதிரை வளர்க்கறவங்க இருந்தா தீவனத்தை மூடி வைக்கச் சொல்லுங்க, பாஸம் கழிவுல இருந்து குதிரைக்கு ஒரு நரம்பு நோய் வரும்.

எடிசன்வாசி கேட்டதுக்கு: அது நடிப்பு இல்ல, பயத்துல தானா வர்றது, அதால நிறுத்த முடியாது. அந்த நெலமைல மூளை அலையை அளந்து பார்த்திருக்காங்க, முழிச்சுத்தான் இருக்கு.

பனிக்காட்டான்

அண்ணை, அண்டைக்கு மைனஸ் 18. வலையும் பெல்ட்டும் எல்லாம் சரி, நீங்கள் சொன்னமாதிரிச் செய்யிறன். முட்டையைப் பற்றி மட்டும் கதைக்காதேங்கோ.

எடிசன்வாசி

அப்போ முடிச்சுப் போட்டது கேட்டிருக்கும். ஜிம்மி குரைச்சது, நான் போன்ல அக்காகிட்ட "செத்துப்போச்சுக்கா, காலைல வண்டியில போயிடும்"னு சொன்னது, எல்லாம் கேட்டிருக்கும்.

ஷுகர்லேண்ட், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அது தள்ளாடிப் போகும்போது வயிறு கீழ தொங்கின மாதிரி இருந்துச்சு. டார்ச் வெளிச்சத்துல சரியாத் தெரியல, பை இருக்குதான்னு பார்க்கணும்னு அப்போ தோணவும் இல்ல. இது மே மாசம். அப்படித் தொங்கினா உள்ள குட்டி இருந்திருக்குமா?