மிர்-21-ஐத் தடுத்தால் எம்சிஎஃப்-7 சாகிறது, காஸ்பேஸ்-3 பேண்ட் மட்டும் ஏன் வரவில்லை?

பேண்ட்_எங்கே:
எம்சிஎஃப்-7 மார்பகப் புற்றுநோய் செல்களில் மிர்-21 (ஜீன்களை அடக்கும் ஒரு மைக்ரோஆர்என்ஏ) இன்ஹிபிட்டர், 50 நானோமோலார், 48 மணி நேரம். ஃப்ளோ சைட்டோமெட்ரியில் அனெக்சின்-வி (சாகும் செல்லின் சவ்வில் ஒட்டும் புரதம்) பாசிட்டிவ் செல்கள் கன்ட்ரோலைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் வெஸ்டர்ன் பிளாட்டில் (ஆன்டிபாடியால் புரதத்தைப் பேண்டாகக் காட்டும் சோதனை) வெட்டுப்பட்ட காஸ்பேஸ்-3 (செல் சாவை நடத்தும் நொதி; 17, 19 கிலோடால்டன்) சுவடே இல்லை. ஆன்டிபாடியையும் மாற்றிப் பார்த்தாயிற்று. க்யூபிசிஆரில் (ஆர்என்ஏ அளவைக் காட்டும் சோதனை) மிர்-21 அளவும் பெரிதாகக் குறையவில்லை. இதை அபோப்டோசிஸ் (செல்லின் திட்டமிட்ட சாவு) என்று எழுதலாமா?

தட்டும்_குழாயும்:
ஆன்டிபாடி மேல் பழி இல்லை. எம்சிஎஃப்-7-இல் செயல்படும் காஸ்பேஸ்-3 கிடையாது. அந்த ஜீனின் 3-ஆம் எக்சானில் 47 பேஸ் விடுபட்டிருக்கிறது, புரதமே உருவாகாது. 1998-லேயே வெளிவந்த சங்கதி, இன்னும் ஆட்கள் இதே குழியில் விழுகிறார்கள். டிஎன்ஏ ஏணியும் (அபோப்டோசிஸில் டிஎன்ஏ துண்டாகி ஜெல்லில் படிபடியாகத் தெரிவது) இதே காரணத்தால் சரியாக வராது.

காஸ்பேஸ்-7, காஸ்பேஸ்-9 வெட்டுப்படுகிறதா பாருங்கள். பார்ப் (காஸ்பேஸ்கள் வெட்டும் ஒரு புரதம்) 116-லிருந்து 89 கிலோடால்டனுக்கு இறங்க வேண்டும். காஸ்பேஸ்-7 அந்த வேலையைச் செய்துவிடும். லைசேட் (செல்களை உடைத்த கரைசல்) எடுக்கும்போது மிதக்கும் செல்களையும் மீடியத்தோடு சேர்த்துச் சுழற்றி எடுங்கள். செத்தது பெரும்பாலும் அங்கேதான் மிதக்கும், ஆஸ்பிரேட்டரில் போய்விட்டால் பேண்டும் போயிற்று. 20 மைக்ரோமோலார் இசட்-வாட்-எஃப்எம்கே (காஸ்பேஸ்களைத் தடுக்கும் மருந்து) சேர்த்த ஒரு கிணறும் (தட்டின் குழி) வையுங்கள். அதிலும் அனெக்சின் குறையவில்லை என்றால் காஸ்பேஸ் வழிச் சாவு என்று எழுத முடியாது.

கேட்_திறப்பு:
அனெக்சின் எண்ணையே முதலில் சந்தேகப்படுவேன். அது பாஸ்ஃபாடிடில்செரினில் (சாகும் செல்லின் வெளிப்புறம் வரும் சவ்வுக் கொழுப்பு) ஒட்டக் கால்சியம் வேண்டும். செல்களைத் தட்டிலிருந்து பெயர்க்கும் டிரிப்சினில் இருக்கும் ஈடிடிஏ (கால்சியத்தைப் பிடித்துக்கொள்வது) கழுவாமல் தங்கினால் சிக்னல் குறையும். டிரிப்சினை அதிக நேரம் விட்டால் சவ்வு கிழிந்து பொய் பாசிட்டிவ் ஏறும். பிபிஎஸ்ஸில் இரண்டு முறை கழுவி, 2.5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு உள்ள பஃபரில் 15 நிமிடம் இருட்டில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஓட்டிவிடுங்கள்.

இன்ஹிபிட்டரைச் செல்லுக்குள் கொண்டுபோகும் லிப்பிட் ரீஏஜென்ட்டே செல்லைக் கொல்லலாம். ஆகவே மூன்று கன்ட்ரோல்: எதுவும் போடாதது, ரீஏஜென்ட் மட்டும், அதே 50 நானோமோலார் ஸ்கிராம்பிள் (வரிசை குலைத்த, இலக்கில்லாத இன்ஹிபிட்டர்). உங்கள் மூன்று மடங்கு எதோடு ஒப்பிட்டது? ஸ்கிராம்பிளோடு இல்லையென்றால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

விதைப்பகுதி:
க்யூபிசிஆர் பற்றி யாரும் சொல்லவில்லை. இன்ஹிபிட்டர் மிர்-21-ஐ இறுகப் பிடித்து முடக்குகிறது, அழித்தே தீரும் என்றில்லை. அளவு குறையாததால் தோல்வி என்றோ, குறைந்ததால் வெற்றி என்றோ சொல்ல முடியாது. பிடித்த பிடியே ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷனைத் (க்யூபிசிஆருக்கு ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கும் படி) தடுத்துப் பொய்யான குறைவு காட்டுவதும் உண்டு. இலக்கைப் பாருங்கள்: மிர்-21 அடக்கும் பிடிசிடி4, பிடென் புரதங்கள் ஏறினால்தான் இன்ஹிபிட்டர் வேலை செய்திருக்கிறது. பிடிசிடி4 எம்ஆர்என்ஏ கிட்டத்தட்ட அப்படியே இருந்து புரதம் மட்டும் ஏறலாம், வெஸ்டர்ன்தான் தீர்ப்பு. அடுத்து எஸ்ஐஆர்என்ஏவால் (ஒரு ஜீனை மட்டும் அடக்கும் சிறு ஆர்என்ஏ) பிடிசிடி4-ஐ இறக்கிவிட்டு, அதே இன்ஹிபிட்டரைப் போடுங்கள். சாவு குறைந்தால் சங்கிலி முழுமையாகும்.

பேண்ட்_எங்கே:
ஒப்பிட்டது எதுவும் போடாத கிணற்றோடுதான்... திரும்பச் செய்கிறேன். அடுத்து காஸ்5 (GAS5, காஸ்பேஸ் அல்ல) என்ற, புரதம் தராத நீள் ஆர்என்ஏவை மிகையாக்கி, அது மிர்-21-ஐ உறிஞ்சிக்கொள்கிறது என்று காட்டும் எண்ணம். சரிவருமா?

விதைப்பகுதி:
உறிஞ்சுகிறது என்று எழுதுமுன் செல்லுக்கு எத்தனை பிரதி என்று இரண்டையும் எண்ணுங்கள். எம்சிஎஃப்-7-இல் மிர்-21 ஏராளம், சில பத்துப் பிரதி காஸ்5 அதை வற்றச் செய்யாது. காஸ்5-க்குக் குளுகோகார்ட்டிகாய்டு ரிசெப்டரை ஏமாற்றிப் பிடிக்கும் வேறொரு வேலையும் இருக்கிறது. மிர்-21 ஒட்டும் இடத்தை மட்டும் சிதைத்த காஸ்5-உம் அதே அளவு சாகடித்தால், உறிஞ்சும் கதை அங்கேயே முடிந்தது.

இன்னொன்று: சீரம் குறைந்தாலோ தட்டு நிரம்பினாலோ காஸ்5 தானாகவே ஏறும். எல்லாக் கிணறுகளையும் ஒரே அடர்த்தியில், 60-70% நிரம்பியபோதே அறுவடை செய்யுங்கள்.