ஹேரியர் இவி: நாலு சக்கரமும் இழுக்க வேண்டுமா?

வணக்கம். கோவையில் இருக்கிறோம், அடிக்கடி கோத்தகிரி போவோம். டாடா ஹேரியர் இவி மின்சாரக் காரில் 75 (75 kWh பேட்டரி) எடுக்கலாம் என்று யோசனை. எம்பவர்டு ரகத்தில் பின்சக்கர இழுவை 27.49 லட்சம், இரண்டு மோட்டார் க்யூடபிள்யூடி (நாலு சக்கர இழுவை) 28.99 லட்சம் (2025 அறிமுக விலை, ஷோரூம் கணக்கு). ஒன்றரை லட்சம் தகுமா?

மலைச்சாலைக்கு நாலு சக்கர இழுவை தேவையில்லை என்பது என் எண்ணம். ஆனால் கடைசியில் தோட்டத்து மண்பாதை. ஐப்பசி மழையில் செம்மண் வழவழவென்றாகிவிடும். அங்கே நல்ல டயரே போதுமா?

ஒரு முழு சார்ஜுக்கு 622 கிலோமீட்டர் என்கிறார்கள். அது காகிதக் கணக்கு, விடுங்கள். நாலு பேர், ஏசியோடு மலையேறினால் எவ்வளவு வருகிறது? மேலே முழுசாக சார்ஜ் ஏற்றி இறங்கினால் மோட்டார் பிரேக் (மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரியில் சார்ஜ் ஏற்றுவது) சரியாகப் பிடிக்காதாமே, எத்தனை சதவீதத்தில் சார்ஜை நிறுத்துகிறீர்கள்?

அப்புறம், அம்மாவுக்கு முழங்கால் வலி. படி வைக்காமல் ஏற முடியுமா?