உதவி: செக்கிங், அயர்னிங், பேக்கிங் மூன்றையும் ஒரே குறிக்கோளுக்குக் கொண்டுவருவது எப்படி?

நூல்கண்டு:
திருப்பூரில் குழந்தைகள் உடை தைக்கும் யூனிட்டில் பினிஷிங் பிரிவுக்குப் பொறுப்பேற்றிருக்கிறேன். பையர் (உடையை வாங்கும் கம்பெனி) இன்ஸ்பெக்ஷனில் லாட் (மொத்தமாக அனுப்பும் சரக்கு) ஃபெயில் ஆனால் மூன்று பிரிவும் ஒருவரையொருவர் கைகாட்டுகிறார்கள். "தரமே நம் உயிர்" என்று சுவரில் எழுதியாயிற்று, காலையில் கூட்டம் போட்டும் பேசியாயிற்று. தலையாட்டிவிட்டுப் போய் அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். வேறு என்ன செய்யலாம்?

கத்தரி:
சம்பளம் எப்படி? ஷிப்டா, பீஸ் ரேட்டா?

நூல்கண்டு:
செக்கிங் ஷிப்ட். மற்ற இரண்டும் கான்ட்ராக்ட், பீஸ் ரேட்.

கத்தரி:
அங்கேதான் சிக்கல். கறை பட்ட பீஸை அயர்னிங் ஆள் ஒதுக்கி வைத்தால் அதற்கு அவருக்குக் காசு கிடையாது. அப்புறம் ஏன் ஒதுக்குவார்? சுவரில் என்ன எழுதியிருந்தாலும் சனிக்கிழமை கூலியைத்தான் பார்ப்பார், அதில் தப்பே இல்லை. ஒதுக்கிய பீஸுக்கும் அதே ரேட் கேட்டுக் கான்ட்ராக்டரிடம் பேசுங்கள்.

குறிக்கோள் மூன்று பிரிவும் சேர்ந்தே ஜெயிக்கிற, சேர்ந்தே தோற்கிற ஒன்றாக இருக்கட்டும்: "லாட் முதல் இன்ஸ்பெக்ஷனிலேயே பாஸ் ஆகணும்." ஏ.க்யூ.எல். 2.5, அதாவது எத்தனை குறை வரை லாட்டை ஏற்கலாம் என்கிற கணக்கை அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? 5,000 பீஸ் லாட் என்றால் வழக்கமான சோதனை அளவான லெவல் 2 படி 200 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். 10 மேஜர் (பெரிய) குறை வரை பாஸ். 11 வந்துவிட்டால் மொத்த லாட்டும் ஃபெயில். பெட்டியைப் பிரித்து, செக் பண்ணி, அயர்ன் போட்டு, மடித்து, எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அந்தப் பதினோராவது பீஸ் தன் கை வழியாகவும் போயிருக்கலாம் என்று தெரிந்தவர் "அது செக்கிங் வேலை" என்று விடமாட்டார்.

ஊசிமுனை:
கத்தரி சொல்வது சரி. ஆனால் பாஸ் ஆவது பையருக்காக. அந்த உடையைப் போடப்போவது குழந்தை, அதையும் சொல்லுங்கள். எங்கள் யூனிட்டில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைத்து ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டும்வரை மெஷின் ஓடாது. புது டைலர் ஒருவர் அலுத்துக்கொண்டபோது லைன் அக்கா சொன்னார்: "ஆறு மாசக் குழந்தைக்குக் குத்துச்சுன்னா சொல்லத் தெரியாதுடா, அழத்தான் தெரியும்." அதன்பிறகு அந்தத் தம்பி தானே குனிந்து துண்டு தேடுகிறார்.

நூல்கண்டு:
ஷிப்மென்ட் நெருங்கும்போது மேனேஜரே "பரவாயில்ல, கட்டு" என்கிறாரே?

கத்தரி:
அன்றைக்குத்தான் எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். நீங்களும் "கட்டு" என்றால் அதுவரை பேசியது அத்தனையும் போச்சு. அவசரம் வருவதற்கு முன்பே மேனேஜரிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்: ஒரே டேமேஜ் தொடர்ந்து வந்தால் யார் வேண்டுமானாலும் பேக்கிங்கை நிறுத்தலாம், திட்டு விழாது என்று.

நூல்கண்டு:
பேசிவிட்டேன். மேனேஜர் யோசிக்கிறேன் என்கிறார். கான்ட்ராக்டர் ஒத்துக்கொண்டார், ஆனால் ஒதுக்கிய பீஸுக்குத் தினமும் கணக்குக் கேட்கிறார். நோட்டு யாரிடம் இருக்கலாம்?

கத்தரி:
செக்கிங்கில் ஒருவரிடம் கொடுங்கள். என்ன குறை என்று அவர் எழுதட்டும், ஒதுக்கியவர் கையெழுத்துப் போடட்டும். செக்கிங்கில் எது தப்பிப் போகிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.