கீவேர்ட் ரிசர்ச்: 'தேடுசொல் ஆய்வு' என வழங்கலாம்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

மக்கள் தேடுபொறியில் எந்தச் சொற்களைத் தட்டச்சு செய்து தேடுகிறார்கள் என்று ஆராய்ந்து, தம் தளத்துக்கு ஏற்றவற்றைத் தெரிவுசெய்யும் பணியே கீவேர்ட் ரிசர்ச். இதற்குத் 'திறவுச்சொல் ஆய்வு', 'குறிச்சொல் ஆய்வு', 'முதன்மைச்சொல் ஆராய்ச்சி' என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. குறிச்சொல் என்பது, பதிவுகளை வகைப்படுத்த இடும் டேக் என்ற பொருளில் வலைப்பதிவர்களிடம் நிலைத்துவிட்டதால் அதை விட்டுவிடலாம். முதன்மைச்சொல் எதற்கு முதன்மை என்பதைச் சொல்லவில்லை. திறவுச்சொல்லைப் பற்றி மட்டும் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. ஏனெனில் அதற்கு ஆதரவாக வந்த வாதம் வலுவானது.

> ஏற்கெனவே வழக்கில் உள்ள சொல் இருக்கும்போது புதிய சொல் எதற்கு?

திறவுச்சொல் என்பது ஒரு கட்டுரைக்கோ நூலுக்கோ அதன் ஆசிரியரோ நூலகரோ இடும் சொல். பொருளை நன்கறிந்தவர், அறியாதவருக்கு வழிகாட்ட இடுவது. இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் பக்கத்தின் தலைப்பகுதியில் எழுதிவைத்த கீவேர்டுகளும் அத்தகையவையே, ஆகவே அன்று திறவுச்சொல் பொருந்தியது. ஆனால் வலைத்தேடலின் தரவரிசைக்கு அந்தப் பட்டியலைத் தான் பயன்படுத்துவதில்லை என்று 2009 செப்டம்பரில் கூகுள் வெளிப்படையாகவே அறிவித்தது. இன்று இந்தத் துறையினர் ஆராய்வது தளத்தின் உரிமையாளர் தம் பக்கத்துக்கு இட்ட சொல்லை அல்ல, தேடுகிறவர் தம் தேவையைத் தம் மொழியில் தட்டச்சு செய்த சொல்லை. சொல்லின் உரிமை எழுதுபவரிடமிருந்து தேடுபவருக்கு மாறிவிட்டபின் பெயரும் மாறுவதே முறை.

'தேடுசொல்' ஒரு வினைத்தொகை. தேடிய சொல், தேடுகின்ற சொல், தேடும் சொல் என மூன்று காலமும் அதற்குள் அடங்கும். இந்த ஆய்வுக்கு அது மிகவும் பொருந்துகிறது. நம் தளத்துக்கு ஏற்கெனவே ஆட்களைக் கொண்டுவந்த சொற்களைக் கூகுளின் சர்ச் கன்சோல் என்ற கருவி காட்டுகிறது. இப்போது எவை பரவுகின்றன என்பதை அதன் டிரெண்ட்ஸ் தளம் காட்டுகிறது. இனி வரப்போகும் சொற்களை ஊகித்து எழுதுவதுதான் ஆய்வாளரின் திறமை. நாள்தோறும் வரும் தேடல்களில் ஏறத்தாழ 15 விழுக்காடு அதற்குமுன் ஒருபோதும் வராதவை என்று கூகுள் சொல்லிவருவதை எண்ணிப்பார்த்தால், எதிர்காலத்தையும் உள்ளடக்கிய பெயரின் பயன் விளங்கும். தேடுபொறி என்ற சொல்லை ஏற்றுக்கொண்ட வாசகருக்குத் தேடுசொல்லும் அந்நியமாகத் தோன்றாது. (வினைத்தொகை ஆதலின் ஒற்று மிகாது, 'தேடுச்சொல்' என்று எழுதுவது பிழை.)

விளம்பரத்துறையில் பணிபுரியும் நண்பர் எழுப்பிய மறுப்பு நியாயமானது. கூகுள் விளம்பரங்களில் தேடுகிறவர் உள்ளிட்ட தொடர் வேறு, அதைக் குறிவைத்து விளம்பரதாரர் தேர்ந்தெடுத்த கீவேர்ட் வேறு. இரண்டுக்கும் தனித்தனி அறிக்கைகள் உண்டு. இரண்டையும் தேடுசொல் என்றால் குழப்பமே மிஞ்சும். எனவே தேர்ந்தெடுத்துக் குறிவைப்பதை 'இலக்குச்சொல்' என்று பிரித்துவிடலாம் என்று கருதுகிறேன். தேடுசொற்களை ஆராய்ந்து இலக்குச்சொற்களைத் தெரிவுசெய்வதே இப்பணி என்று ஒரே வரியில் வரையறை சொல்லவும் இந்த இணை வசதியாக இருக்கிறது.

அடுத்தது லாங் டெய்ல் கீவேர்ட், அதாவது அரிதாகத் தேடப்படும் சொல். 'நீள்வால் சொல்' என்ற பரிந்துரையை ஏற்கத் தயங்குகிறேன். அந்த வால், தேடல் எண்ணிக்கையை இறங்குவரிசையில் வரைந்தால் வரைபடத்தின் வலப்புறம் தாழ்ந்து நீண்டுசெல்லும் பகுதி; வரைபடத்தைக் காணாதவர் அதைச் சொற்றொடரின் நீளம் என்றே புரிந்துகொள்வார். நீளமான தொடர்கள் பெரும்பாலும் அரிதாகவே தேடப்படுகின்றன என்பது உண்மை, ஆயினும் வரையறை அரிதாகத் தேடப்படுவதே. அருஞ்சொல் என்று நம்மிடம் முன்பே உள்ள அமைப்பையொட்டி 'அருந்தேடல்' எனலாம்.

இந்தச் சொல்லில் நான் அக்கறை காட்டுவதற்குக் காரணம், சிறுதளங்கள் பிழைத்திருப்பது அருந்தேடல்களால்தான். தொலைநோக்கிக்கான ஆடியைக் கையால் தேய்த்துச் செய்வதைப் பற்றி மட்டுமே எழுதும் ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். 'தொலைநோக்கி' என்ற தேடுசொல்லுக்குக் கலைக்களஞ்சியங்களும் விற்பனைத் தளங்களும் முதல் பக்கத்தை நிறைத்திருக்கும். அங்கே முட்டிமோதுவது வீண். 'ஆடி தேய்க்கும்போது ஓரம் தாழ்ந்துபோனால் என்ன செய்வது' என்று தேடுகிறவர் மாதத்துக்குச் சிலரே என்றாலும், அவர்கள் தேடுவது அந்தத் தளத்தில் இருக்கிறது, வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை. இத்தகைய நூறு கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக முழுமையான விடை எழுதிய தளத்துக்கு வருகிறவர் படித்துவிட்டு மீண்டும் வருவார். எண்ணிக்கையை மட்டும் பார்த்துச் சொல்லைத் தெரிவுசெய்யும் பழக்கம் இந்தக் கேள்விகளையெல்லாம் பட்டியலிலிருந்து தூக்கி எறிந்துவிடுகிறது.

அதனால், ஒரு சொல் எத்தனை முறை தேடப்படுகிறது என்பதைக் குறிக்கும் சர்ச் வால்யூமைத் 'தேடல் எண்ணிக்கை' என்று சொல்லும்போதே அது மதிப்பீடுதான் என்ற குறிப்பை அகராதிப் பதிவில் சேர்க்க வேண்டும். கூகுள் விளம்பரங்களில் உள்ள கீவேர்ட் பிளானர் என்ற கருவி தருவது மாத சராசரி. விளம்பரத்துக்குக் குறைவாகச் செலவிடும் கணக்குகளுக்கு அதையும் துல்லியமாகத் தராமல் வீச்சாகவே காட்டுகிறது. அதே கருவியின் 'போட்டி' என்ற நிரல் விளம்பரதாரர்களிடையே உள்ள போட்டியைக் குறிக்கிறதே தவிர, தேடல் முடிவுகளில் மேலே வருவதன் கடினத்தை அல்ல. தமிழில் அதை 'விளம்பரப் போட்டி' என்றும், மற்றதைத் 'தரவரிசைக் கடினம்' என்றும் பிரித்தெழுதினால் புதிதாகக் கற்பவர் தடுமாறமாட்டார்.

ஒருவர் எதற்காகத் தேடுகிறார் என்பதைக் குறிக்கும் சர்ச் இன்டென்ட் என்பதற்குத் 'தேடல் நோக்கம்' போதும். கணினி அறிஞர் ஆண்ட்ரே புரோடர் 2002இல் வகுத்த மூன்று பிரிவுகளை வழிசெல் நோக்கம் (குறிப்பிட்ட தளத்தை அடைய), அறியும் நோக்கம் (தகவல் பெற), செயல் நோக்கம் (வாங்குவது போன்ற ஒன்றைச் செய்ய) என்று குறிக்கலாம்.

முடிவாகாமல் நிற்பது, ஒரு தளம் தனக்கென எடுத்துக்கொள்ளும் குறுகிய பொருட்பரப்பைக் குறிக்கும் நிஷ் என்ற சொல் மட்டுமே. 'குறுந்துறை' என்று எழுதிப் பார்த்தேன். பரப்பின் சிறுமையை அது சொல்கிறது, அதற்குள் இருக்கும் ஆழத்தைச் சொல்லவில்லை. 'தனித்துறை' பல்கலைக்கழகத் துறையை நினைவூட்டுகிறது. இதற்கு மட்டும் குழுவினர் தம் பரிந்துரைகளை அனுப்பினால், மற்றவற்றைப் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்.