பத்து சதவீதம் நிஜமா? விவேக் ராமசாமியும் ஆகஸ்ட் மாதக் கணிப்புகளும்

ஒகையோ கணேசன் (2023 ஆகஸ்ட் 22)

எமர்சன் கல்லூரியின் புதுக் கருத்துக்கணிப்பைப் பார்த்தீர்களா? அடுத்த வருட அதிபர் தேர்தலுக்குக் குடியரசுக் கட்சி வேட்பாளராக யார் வர வேண்டும் என்ற கேள்விக்கு டிரம்ப் 56, புளோரிடா கவர்னர் டிசாண்டிஸ் 10, தொழிலதிபர் விவேக் ராமசாமி 10. பிப்ரவரி 21 அன்று டக்கர் கார்ல்சனின் டிவி நிகழ்ச்சியில் ராமசாமி வந்து தானும் நிற்கப்போவதாகச் சொன்னபோது கட்சிக்காரர்களில் பாதிப் பேருக்கு இவர் பெயரே தெரியாது. எந்தப் பதவியிலும் இருந்ததில்லை. வயது 38. ஆறே மாதத்தில், போன நவம்பரில் புளோரிடாவில் 19 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த கவர்னரோடு சரிசமமாக நிற்கிறார். இதைப் 'பணக்காரர் விளையாட்டு' என்று ஒதுக்குகிறவர்கள் எங்கள் ஒகையோ மாநிலத்து ஜனங்களோடு பேசிப் பார்க்கட்டும். ஆள் நிஜமாகவே எடுபடுகிறார்.

செல்வி

கணேசன் சார், நான் டெக்சாஸில் கருத்துக்கணிப்புக்குப் போன் செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறேன். அதனால் இந்த 10ஐ வைத்துக் கோட்டை கட்ட எனக்கு மனம் வரவில்லை.

முதல் விஷயம், பிழை வரம்பு. ஆயிரம் பேரைக் கேட்டாலும் அதில் ஒரு கட்சிக்காரர்களை மட்டும் பிரித்தால் நானூறு, ஐந்நூறு பேர்தான் மிஞ்சுவார்கள். நானூறு பேரில் 10 சதவீதம் என்றால் உண்மை எண் 7ஆகவும் இருக்கலாம், 13ஆகவும் இருக்கலாம்.

இரண்டாவது, எப்படிக் கேட்டார்கள் என்பது. இணையம் வழியாகக் கேட்கிற கணிப்புகளில் இவருக்கு எண் ஏறுகிறது. ஆளே பேசிக் கேட்கும் கணிப்புகள் பலவற்றில் இறங்குகிறது. அயோவாவில் ஆன் செல்சர், டெ மொயின் ரெஜிஸ்டர் பத்திரிகைக்காக எடுத்த கணிப்பு நேற்று வந்தது. முதலில் ஓட்டுப் போடப்போகிற மாநிலம் அது. டிரம்ப் 42, டிசாண்டிஸ் 19, டிம் ஸ்காட் 9, ஹேலி 6. ராமசாமி 4.

போனில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு பெயரை வரிசையாக வாசிப்போம். பாதியிலேயே 'டிரம்ப்தான், போதும்' என்பார்கள். வேறு யாரையாவது சொல்ல நினைப்பவர்கள் கொஞ்சம் தடுமாறுவார்கள். 'டிவியில் வந்தாரே, கட்டை விரலை ஆட்டிப் பேசுவாரே, அந்த இளைஞர்' என்று ஒருவர் சொன்னார். பெயர் வாயில் வரவில்லை. இதையெல்லாம் ஆதரவு என்று எழுதிக்கொள்வது எங்கள் வேலை. அது ஜனவரி வரை தாங்குமா என்பதற்கு எங்களிடம் பதில் இல்லை.

பாலக்காட்டுப் பொண்ணு

பெயர் வாயில் வராத நாட்டில்தான் 10 எடுத்திருக்கிறார், செல்வி அக்கா. அவர் அப்பா, அம்மா பாலக்காட்டுத் தமிழர்கள். வீட்டில் பேசும் பாஷை தமிழ். எங்கள் குடும்ப வாட்ஸப்பில் ரெண்டு நாளாக இதே பேச்சு. பெருமைப்படாமல் எப்படி இருக்க முடியும்?

திருச்சி தமிழ்

பெருமைப்படுங்கள் தங்கச்சி, அது உங்கள் உரிமை. ஆனால் அவர் சொல்வதையும் கேளுங்கள். 18 முதல் 24 வயதுக்காரர்கள் ராணுவத்திலோ அவசரச் சேவையிலோ ஆறு மாதம் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் குடியுரிமைத் தேர்வு எழுதித் தேற வேண்டும், அப்போதுதான் ஓட்டு என்கிறார். எஃப்பிஐயை மூடச் சொல்கிறார். ஊர்ப்பாசத்துக்காக இதையெல்லாம் தலையாட்டி ஏற்க என்னால் முடியாது.

மேலே நடக்கும் வாதத்துக்கு வருகிறேன். வெளியாள் மேலே வருவது அமெரிக்காவில் புதுசு இல்லை. அதற்கு வழி திறந்ததே 1968தான். ஹியூபர்ட் ஹம்ப்ரி ஒரு பிரைமரியில்கூட (வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்களில் நடக்கும் ஓட்டெடுப்பு) நிற்காமல் ஜனநாயகக் கட்சி வேட்பாளரானார். சிகாகோ மாநாட்டு வாசலில் அடிதடி நடந்தது. அதற்கப்புறம்தான் மெக்கவர்ன் தலைமையிலான குழு விதிகளை மாற்றியது, கட்சிப் பெரியவர்கள் கையிலிருந்த முடிவு வாக்காளர் கைக்குப் போனது. அதை முதலில் சரியாகப் புரிந்துகொண்டவர் ஜிம்மி கார்ட்டர். ஜார்ஜியாவின் முன்னாள் கவர்னர், 'ஜிம்மியா, யார் அது?' என்றுதான் பத்திரிகைகள் கேட்டன. 1976இல் அயோவாவில் 'இன்னும் முடிவு செய்யவில்லை' என்றவர்கள்தான் முதலிடம், வேட்பாளர்களில் கார்ட்டர் முதல். அது போதுமாக இருந்தது.

ஒகையோ கணேசன்

அதைத்தானே நானும் சொல்கிறேன் தமிழ்! கார்ட்டரை நம்பாதவர்கள் அன்றைக்கும் கணிப்பைக் காட்டித்தான் பேசினார்கள். 2015 ஜூன் 16 அன்று டிரம்ப் தன் கட்டடத்தின் எஸ்கலேட்டரில் இறங்கி வந்து அறிவித்தபோதும் 'கோடை வெயில் குறைந்ததும் போய்விடுவார்' என்றார்கள். ஒரு மாதத்தில் முதலிடத்துக்கு வந்தார், கடைசிவரை இறங்கவே இல்லை என்று சொல்லும் அளவுக்கு நின்றார்.

செல்வி

ஹெர்மன் கெய்னையும் சேர்த்துச் சொல்லுங்கள் சார். பீட்சா கம்பெனி நடத்தியவர். 2011 அக்டோபரில் பல தேசியக் கணிப்புகளில் முதலிடம். டிசம்பர் 3ஆம் தேதி பிரசாரத்தை நிறுத்திவிட்டார், ஒரு ஓட்டுகூட அதுவரை பதிவாகவில்லை. அதே நேரத்தில் ஓரிரு மாதம் முன்வரை ஒற்றை இலக்கத்தில் கிடந்த ரிக் சான்டோரம் அயோவாவில் 34 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2015 இலையுதிர் காலத்தில் டாக்டர் பென் கார்சன் டிரம்ப்பையே முந்தினார் சில கணிப்புகளில். அயோவாவில் கிடைத்தது 9 சதவீதம்.

கார்ட்டருக்கும் டிரம்ப்புக்கும் ஒரு ஒற்றுமை இருக்கிறது, இரண்டு பேருக்கும் இடம் காலியாக இருந்தது, அதைத்தான் நீங்கள் பார்க்க மறுக்கிறீர்கள். கார்ட்டர் நின்றபோது கட்சியில் அசைக்க முடியாத முதல் ஆள் என்று யாரும் இல்லை. டிரம்ப் 2015இல் பேசியதைப் பேச மேடையில் வேறு ஆளே இல்லை. ராமசாமி பேசுவதை டிரம்ப் ஏற்கெனவே பேசிவிட்டார். இவரும் 'இந்த நூற்றாண்டின் சிறந்த அதிபர் டிரம்ப்' என்றே பேசுகிறார். அப்படியென்றால் அசல் நிற்கும்போது இவருக்கு எதற்கு ஓட்டு? இவருக்கு வருகிற ஆதரவு டிரம்ப் விலகினால் மட்டும் செல்லும். டிரம்ப் விலகப்போவதில்லை.

அயோவா ராஜா

இங்கே அயோவா மாநிலக் கண்காட்சியில் இந்த மாதம் ராமசாமியைப் பார்த்தேன். எங்கள் கவர்னர் கிம் ரெனால்ட்ஸோடு மேடையில் பேசி முடித்ததும் எமினெம் பாட்டை எடுத்துவிட்டார். சுற்றி நின்ற சின்னப் பசங்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். எனக்குப் பக்கத்தில் குச்சியில் குத்திய பன்றி இறைச்சியோடு நின்ற பெரியவர் சிரித்தார், கைதட்டினார். 'ஓட்டு இவருக்கா?' என்று கேட்டேன். 'நல்ல பையன். ஆனால் நான் டிரம்ப் ஆள்' என்றார்.

கணேசன் அண்ணா, இங்கே காக்கஸ் என்பது வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக்காரர்கள் கூடும் கூட்டம், போகிற போக்கில் பொத்தானை அமுக்கிவிட்டு வருவது இல்லை. ஜனவரிக் குளிரில் ராத்திரி ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கோ சர்ச்சுக்கோ போக வேண்டும். ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் யாராவது எழுந்து பேசுவார்கள், பக்கத்து வீட்டுக்காரராகவே இருப்பார். அப்புறம் ஒரு துண்டுச் சீட்டில் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ராத்திரி வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் யார் என்பதுதான் முக்கியம்.

ஒகையோ கணேசன் (ஆகஸ்ட் 24)

நேற்று மில்வாக்கி விவாதம் பார்த்தேன். டிரம்ப் வரவில்லை. எட்டுப் பேர் மேடையில், நடுவில் டிசாண்டிஸும் ராமசாமியும். ஏன் நடுவில்? கணிப்பு எண்தான் இடத்தைத் தீர்மானித்தது. செல்வி மேடம் 'வெறும் எண்' என்கிறார், அந்த எண்தான் அவரை நாடே பார்க்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. முன்னாள் துணை அதிபர் பென்ஸ் பேச்சில் அடித்தார், கிறிஸ்டி 'சாட்ஜிபிடி மாதிரிப் பேசுகிறார்' என்றார், நிக்கி ஹேலி 'வெளியுறவு அனுபவம் இல்லை, அது தெரிகிறது' என்றார். காய்த்த மரத்தில்தான் கல்லடி படும். யாரும் கண்டுகொள்ளாத ஆளை முன்னாள் துணை அதிபர் எதற்கு அடிக்க வேண்டும்?

செல்வி

நீங்கள் சொன்னதில் பாதி ரொம்பச் சரி சார், எண் மேடையைத் தருகிறது. எனக்குக் கவலையே அங்கேதான். இந்த விவாதத்தில் ஏறக் கட்சி வைத்த நிபந்தனை, கணிப்புகளில் குறைந்தது 1 சதவீதம், அப்புறம் 40,000 பேரிடம் நன்கொடை. அதற்காக இன்னொரு வேட்பாளரான டக் பர்கம் ஒரு டாலர் கொடுத்தவர்களுக்கு 20 டாலர் பரிசு அட்டை திருப்பிக் கொடுத்தார். ராமசாமி தனக்குப் பணம் திரட்டித் தருபவர்களுக்குப் பத்து சதவீதம் கமிஷன் அறிவித்தார். சொந்தப் பணத்தில் ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் இறக்கியிருக்கிறார். பணம் இருந்தால் டிவி, டிவியில் வந்தால் கணிப்பு, கணிப்பு ஏறினால் மேடை, மேடை ஏறினால் மறுபடி டிவி. ஓட்டுப் போடுகிறவர் இதில் எங்கே வருகிறார்? பிழைதிருத்தமே இல்லாமல் இந்தச் சக்கரம் சுற்றுவதைத் தினமும் வேலையில் பார்க்கிறேன், மனசு கேட்கவில்லை.

திருச்சி தமிழ்

பணம் எங்கிருந்து வந்தது என்பதும் பேசப்பட வேண்டும். ராமசாமி அல்சைமர் என்ற மறதி நோய்க்கான ஒரு மருந்தை ஜிஎஸ்கே நிறுவனத்திடமிருந்து 50 லட்சம் டாலர் முன்பணத்துக்கு வாங்கி, 2015இல் அக்சோவன்ட் என்ற பெயரில் பங்குச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 2017 செப்டம்பரில் சோதனை தோற்றது, பங்கு ஒரே நாளில் முக்கால்வாசி சரிந்தது.

ஒகையோ கணேசன்

மருந்துத் துறையில் பத்தில் ஒன்பது தோற்கும் தமிழ், அல்சைமரில் ஜெயித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர் தொடங்கிய ரோய்வன்ட் என்ற தாய்க் கம்பெனியின் குடும்பத்திலேயே பிறந்த இன்னொரு கம்பெனியின் புராஸ்டேட் புற்றுநோய் மருந்து ரெலுகோலிக்ஸுக்கு 2020 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. அதையும் சொன்னால்தான் நியாயம்.

அயோவா ராஜா (2024 ஜனவரி 16)

இழையை மேலே கொண்டுவருகிறேன். நேற்று ராத்திரி முடிவு: டிரம்ப் 51, டிசாண்டிஸ் 21, ஹேலி 19, ராமசாமி 7.7. ராமசாமிக்கு எட்டாயிரத்துச் சொச்சம் ஓட்டு, கட்சி மாநாட்டுக்கு மூன்று பிரதிநிதிகள். ராத்திரியே விலகி டிரம்ப்புக்கு ஆதரவு சொல்லிவிட்டார். காக்கஸ் வரலாற்றிலேயே இவ்வளவு குளிர் இருந்ததில்லை என்கிறார்கள். எங்கள் பள்ளிக்கூட ஜிம்மில் அவருக்காகப் பேசியவர் கல்லூரி மாணவர், நன்றாகவே பேசினார். இங்கே உள்ள 99 கவுன்டிக்கும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இரண்டு தடவை போனார் ராமசாமி. அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஒகையோ கணேசன்

செல்வி மேடம் ஆகஸ்டில் காட்டிய அதே செல்சர் கணிப்பில் 4. முடிவு 7.7. அவர் நம்பிய கணிப்பின்படியே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! பென்ஸ் அக்டோபரிலேயே போய்விட்டார், ஸ்காட் நவம்பரில், கிறிஸ்டி போன வாரம். பதவியே பார்க்காத ஆள் இவர்களைத் தாண்டி நின்றிருக்கிறார். வளர்ச்சி இல்லையென்று எப்படிச் சொல்வீர்கள்?

செல்வி

வளர்ச்சி இல்லையென்று சொல்லவில்லை. ஆகஸ்டில் 6 எடுத்த ஹேலி 19க்குப் போயிருக்கிறார், அது மூன்று மடங்கு. செல்சரின் கடைசிக் கணிப்பு ராமசாமிக்கு 8 என்றது, கிடைத்தது 7.7. தேர்தலுக்குப் பக்கத்தில், ஓட்டுப் போடப்போகிறவரைத் தேடிப் பிடித்துக் கேட்டால் எண் பொய் சொல்வதில்லை. ஆகஸ்டில் நாடு முழுக்கக் கேட்டு வாங்கிய 10ஐ வைத்து மேடையில் இடம் பிரிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

இன்னொன்று. கடைசி வாரத்தில் 'டிரம்ப்பைக் காப்பாற்று, விவேக்குக்கு ஓட்டுப் போடு' என்று எழுதிய சட்டை போட்ட பசங்களோடு ராமசாமி படம் எடுத்துக்கொண்டார். உடனே டிரம்ப், விவேக்குக்குப் போடும் ஓட்டு எதிர்த்தரப்புக்குப் போடும் ஓட்டு என்று எழுதிவிட்டார். ஒருவரைக் காப்பாற்ற அவருக்கு எதிராகவே ஓட்டுக் கேட்கிற நிலைமை. இவர் ஒட்டி நிற்கிற வரை டிரம்ப் தட்டிக்கொடுத்தார், ஓட்டில் கை வைத்ததும் தட்டிவிட்டார்.

பாலக்காட்டுப் பொண்ணு

அந்தச் சட்டை விஷயம் எங்கள் வீட்டிலும் யாருக்கும் பிடிக்கவில்லை அக்கா. டிரம்ப்பை நேராக எதிர்த்துப் பேசியிருந்தால் தோற்றாலும் தனக்கென்று ஒரு கூட்டம் மிஞ்சியிருக்கும்.

ஒகையோ கணேசன்

நேராக எதிர்த்த கிறிஸ்டிக்கு என்ன மிஞ்சியது? இந்தக் கட்சியில் டிரம்ப்பை எதிர்த்தால் அடுத்த தேர்தலே கிடையாது. 38 வயதுக்காரருக்கு 2028 இருக்கிறது, ஒகையோவும் இருக்கிறது. எங்கள் மாநிலத்தில் அவர் எதற்கு நின்றாலும் நான் வீடு வீடாகப் போவேன்.