பொருள்: ஸ்கிரீனிங்குக்குத் தமிழ்ல என்ன போடலாம்? திங்கக்கிழமை அச்சுக்குப் போகணும்

பாளை டீச்சர், வெள்ளி ராத்திரி

எல்லாருக்கும் வணக்கம். அவசரமா ஒரு வார்த்தை வேணும். எங்க நர்சிங் பிள்ளைங்க அடுத்த வாரம் முக்கூடல் பக்கம் கிராம போஸ்டிங் போறாங்க, 45 வயசு தாண்டினவங்க இருக்கிற வீடா பாத்துப் போயி பெருங்குடல், மலக்குடல் கேன்சர் ஸ்கிரீனிங் பத்திச் சொல்லணும், கையில குடுக்க ரெண்டு பக்கத்துக்கு ஒரு நோட்டீஸ். திங்கக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு அச்சகத்துல குடுத்தாத்தான் உண்டு. பிள்ளைங்களே மொழிபெயர்த்துக் கொண்டாந்தாங்க, ஸ்கிரீனிங்னு வர்ற இடமெல்லாம் "திரையிடல்"னு போட்டிருக்காங்க. பக்கத்து வீட்டுல பீடி சுத்துற அக்காகிட்ட வாசிச்சுக் காட்டினேன். "எந்த ஊர்ல படம் போடுதாங்க டீச்சர்"னு கேட்டாங்க.

சரி, வெறும் "பரிசோதனை"ன்னு போட்ருவோம்னு பாத்தா அதுவும் ஒத்து வரல. பரிசோதனைன்னா சீக்கு வந்தவங்களுக்குன்னுதான் நம்ம சனங்க மனசுல இருக்கு. இதுக்கோ ஒரு தொந்தரவும் இல்லாதவங்கதான் வரணும். "நான் நல்லாத்தான இருக்கேன், நான் எதுக்கு வரணும்"னு கேட்கிறவங்களுக்கு, நல்லா இருக்கையிலயே பாக்கிறதுதான் இதுன்னு அந்த வார்த்தையே சொல்லணும். அப்படி ஒண்ணு குடுங்க.

அம்பை அண்ணாச்சி, சனி காலை

டீச்சருக்கு வணக்கம். திரையிடல் தப்புதான். பிள்ளைங்களக் குத்தம் சொல்ல மாட்டேன், அகராதியில மொதல்ல நிக்கிற பொருள எடுத்துப் போட்டுட்டாங்க. இங்கிலீஷ்லயே அந்தச் சொல்லுக்குத் தானியம், நிலக்கரி எல்லாம் சலிக்கிற சல்லடைன்னு ஒரு பொருள் இருக்கு. மருத்துவத்துக்குப் பொருந்துறது அந்தப் பொருள்தான். அப்ப நாம தேட வேண்டிய இடம் தேட்டரு இல்ல, அடுப்படி.

எங்கம்மை நெல்லு குத்தி முடிச்சதும் சொளவுல அரிசிய அள்ளிப் போட்டு நாலு தட்டு தட்டுவா, உமியும் தவிடும் முன்னால பறந்துரும். பொறவு சொளவ ஒரு பக்கமாச் சாய்ச்சுப் பைய ஆட்டுவா. குருணை ஒரு ஓரமா ஒதுங்கும், கல்லு ஒரு ஓரமா வந்து நிக்கும், விரலால அத மட்டும் தள்ளி விட்டுருவா. இந்த ஒரு வேலைக்கு நம்மகிட்ட புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், நாவுதல்னு நாலு சொல்லு கெடக்கு. சொளவுல இருக்கிறது அத்தனையும் நல்ல அரிசின்னு நெனச்சுத்தான் கொழிக்கோம், ஆனாலும் எங்கயோ ஒரு கல்லு இருக்கும்னு பாக்கோம். டீச்சர் கேட்ட பொருள் அப்படியே இதுல இருக்கு. நான் சொல்லுதது "தெள்ளாய்வு".

தெள் என்கிற வேரப் பாருங்க. தெள்ளு, தெளி, தெளிவு, தெள்ளிய, தெண்ணீர். திருவாசகத்துல திருத்தெள்ளேணம்னு ஒரு பதிகமே இருக்கு. தேர்தல், தேறுதல் இதுகளும் பக்கத்துச் சொந்தமாத்தான் இருக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு எண்ணம், அத தனி மடல்ல எழுதுதேன். 1938ல சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் கலைச்சொற்கள்னு புத்தகம் போட்டாங்களே, அதுக்கு முதுகெலும்பா நின்னது நம்ம திருநெல்வேலி இ. மு. சுப்பிரமணிய பிள்ளை. அந்த ஊர்ல இருந்துக்கிட்டு நாம திரையிடல்னு எழுதுனா நல்லாவா இருக்கு.

வள்ளியூர் தம்பி, சனி மத்தியானம்

அண்ணாச்சி, சொளவு பத்தி நீங்க எழுதினத எங்க ஆச்சிகிட்ட வாசிச்சுக் காட்டினேன், அப்படியே கண்ணு முன்னால வந்துட்டுன்னு சொன்னா. ஆனா அதே ஆச்சி மாசாமாசம் "சுகர் பாக்கப் போறேன், பிரஷர் பாக்கப் போறேன்"னுதான் சொல்லுவா. நீரிழிவுன்னு அவ வாயில ஒரு நாளும் வந்ததில்ல. ஸ்கேன், ஈசிஜி, எக்ஸ்ரே எல்லாம் ஊருக்குள்ள வந்து உக்காந்தாச்சு. ஸ்கிரீனிங்னே போட்டுட்டு கீழ ரெண்டு வரியில என்னன்னு விளக்கிட்டாப் போதும்னு நெனைக்கேன். வெளிச்சொல்ல எப்படி உள்ள எடுக்கணும்னு தொல்காப்பியரே வழி சொல்லியிருக்காரே, "வடசொற் கிளவி வடவெழுத் தொரீஇ"ன்னு, அதாவது வடசொல்ல எடுக்கையில வட எழுத்த விட்டுரணும்னு.

அம்பை அண்ணாச்சி, சனி மத்தியானம்

தம்பி, பாதி நூற்பாவச் சொல்லிட்டு மீதிய விட்டுட்டியளே. "எழுத்தொடு புணர்ந்த சொல்லா கும்மே"ன்னு முடியுது. நம்ம எழுத்துக்குள்ள அடங்குனாத்தான் அது சொல்லு. ஸ்கிரீனிங்னு மெய்ய வச்சு ஒரு சொல்லு தொடங்குமா? அப்படி எடுக்கணும்னா இசுக்கிரீனிங்னு எழுதணும், அத நீங்களும் ஒத்துக்கிட மாட்டிய. சுகர்ங்கிறது சனங்க வாயில புழங்கித் தேஞ்சு வந்த சொல்லு. ஸ்கிரீனிங் இன்னும் முக்கூடல் வரைக்கும் வரவே இல்லையே, வராத சொல்லுக்கு நாம எதுக்குத் திண்ணையில எடம் போட்டு வைக்கணும்?

தென்காசி டாக்டர், சனி சாயங்காலம்

டீச்சரக்கா, அண்ணாச்சி, டியூட்டி முடிஞ்சு இப்பத்தான் எல்லாத்தையும் வாசிச்சேன். வார்த்தை எதுனாலும் எனக்குச் சம்மதம், ஆனா பொருள் வழுக்கிரக் கூடாது, அதனால உள்ள என்ன நடக்குதுன்னு மொதல்ல சொல்லிக்கிடுதேன்.

இந்தக் கேன்சர் பெரும்பாலும் குடலோட உள் சவ்வுல சின்னச் சதை வளர்ச்சியா, பாலிப்பா ஆரம்பிக்குது. எல்லாப் பாலிப்பும் கேன்சராகாது. ஆகிறதுக்கும் ஏறக்குறைய 10 வருஷம் எடுக்கும். அந்த 10 வருஷமும் ஆளுக்கு ஒண்ணும் தெரியாது, வலி இருக்காது. அந்தச் சமயத்துல கொலோனோஸ்கோப்பி பண்ணி, அதாவது கேமரா வச்ச குழாய ஆசனவாய் வழியா விட்டுப் பாத்து, பாலிப்ப எடுத்துட்டா அந்தப் பாலிப்பு கேன்சரா மாறாது. அமெரிக்காவுல இந்த ஸ்கிரீனிங்க 50 வயசுல ஆரம்பிக்கணும்னு இருந்த பரிந்துரைய 2021ல 45க்கு இறக்குனாங்க, சின்ன வயசுலயே வர்றது அங்க கூடிட்டே போகுது. நம்ம நாட்டுல அவங்க அளவு எண்ணிக்கை கிடையாது, தேசியத் திட்டத்துலயும் வாய், மார்பு, கருப்பைவாய் மூணுக்குத்தான் இப்படிப் பாக்காங்க, ஆனா எங்க வார்டுக்கு வர்றவங்க முத்தின நெலையில வர்றாங்க, அதுல 40 தாண்டாதவங்களும் இருக்காங்க.

பலன் உண்டான்னு கேட்டா, 1993ல வந்த மினசோட்டா ஆய்வுல வருஷா வருஷம் மலத்துல ரத்தம் பாத்த குழுவுல இந்தக் கேன்சரால வர்ற சாவு மூணுல ஒரு பங்கு குறைஞ்சுது. 2022ல போலந்து, நார்வே, ஸ்வீடன்ல கொலோனோஸ்கோப்பிக்கு வாங்கன்னு அழைப்பு அனுப்பிப் பாத்த ஆய்வு வெளிவந்துச்சு. அழைப்புப் போன குழுவுல 10 வருஷத்துல இந்த நோய் 18 சதவீதம் குறைவு. ஆனா அழைச்சவங்கள்ல 100க்கு 42 பேர்தான் வந்தாங்க. அவ்வளவு வசதியும் படிப்பும் இருக்கிற நாட்டுலயே பாதிப் பேர் வரலன்னா நம்ம நோட்டீஸ்ல ஒரு சொல்லுக்கு எவ்வளவு வேலை இருக்குன்னு பாருங்க.

இன்னொண்ணு, இதுதான் எனக்குப் பயமே. ரத்தம் போறவங்க, மலம் கழிக்கிற பழக்கம் திடீர்னு மாறுனவங்க, காரணமில்லாம எடை குறையிறவங்க, ரத்தசோகை உள்ளவங்க இந்த முகாமுக்கு வந்து நிக்கக் கூடாது. அவங்க நேரா டாக்டர்கிட்ட போகணும். மல டெஸ்ட்ல ஒண்ணுமில்லைன்னு வந்துட்டா நிம்மதியா வீட்டுக்குப் போயிருவாங்க, கட்டி உள்ள வளந்துக்கிட்டே இருக்கும். அதனால நல்லா இருக்கிறவங்களுக்கு ஒரு சொல்லு, தொந்தரவு உள்ளவங்களுக்கு வேற சொல்லு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கலந்துரவே கூடாது.

சங்கரன்கோவில் லேப் தங்கச்சி, சனி ராத்திரி

டாக்டர் சார் சொன்னதோட இதையும் சேத்துக்கோங்க. மலத்துல ரத்தம் பாக்கிற டெஸ்ட் பேருலயும் ஒரு சிக்கல் இருக்கு. "மறைகுருதி"ன்னு ஒரு புத்தகத்துல பாத்தேன். அண்ணாச்சிக்குப் பிடிக்கும், ஆனா எங்க லேபுக்கு வர்றவங்களுக்குக் குருதின்னா என்னன்னே தெரியாது. "கண்ணுக்குத் தெரியாத ரத்தம்"னு சொன்னா உடனே பிடிச்சுக்கிடுவாங்க.

செய்முறையையும் படம் போட்டுச் சொல்லுங்கக்கா. ஃபிட்னு (FIT) சொல்ற இந்த மல டெஸ்ட் டப்பா சுண்டுவிரல் நீளந்தான் இருக்கும், மூடியோட ஒரு குச்சி ஒட்டியிருக்கும், குச்சி நுனியில வரி வரியா பள்ளம். அத மலத்துல ஒரே எடத்துல குத்தாம அஞ்சாறு எடத்துல லேசா உரசணும், அந்தப் பள்ளம் நெறைஞ்சாப் போதும். நெறைய எடுத்தா நல்லதுன்னு அப்பிக் கொண்டாருவாங்க, அது வீணாப் போயிரும். பழைய முறையில குவாயக்னு ஒரு மரத்துப் பிசின் தடவின அட்டை, அதுக்கு மூணு நாள் ஆட்டுக்கறி, மாட்டுக்கறி விடணும். ஃபிட் மனுச ரத்தத்த மட்டுந்தான் காட்டும், ஞாயித்துக்கிழமை கறி சாப்பிட்டாலும் ஒண்ணும் செய்யாது. இத எழுதலன்னா முக்கூடல்ல ஒருத்தரும் ஞாயித்துக்கிழமை சாம்பிள் எடுக்க மாட்டாங்க.

அம்பை அண்ணாச்சி, சனி ராத்திரி

மறைகுருதி நல்ல வினைத்தொகை. ஒளிகுருதின்னும் சொல்லலாம், ஆனா வெளிச்சம்னு எடுத்துக்கிடுவாங்க. கரந்துறை குருதின்னா இன்னும் அழகு. நோட்டீஸ்ல வேண்டாம், தங்கச்சி சொன்னதே இருக்கட்டும், பாடப் புத்தகத்துக்கு வச்சுக்கிடுங்க. தெள்ளாய்வ மட்டும் விட்டுராதிய.

பாளை டீச்சர், ஞாயிறு மத்தியானம்

இன்னைக்குக் காலையிலயே முக்கூடல் போயிட்டு வந்துட்டேன். ஒரு வீட்டு வாசல்ல பதினோரு பொம்பளைங்க முறத்த மடியில வச்சு பீடி சுத்திக்கிட்டிருந்தாங்க, அங்கயே உக்காந்து ஒவ்வொரு வார்த்தையா கேட்டேன். அப்படியே எழுதுறேன், அண்ணாச்சி வருத்தப்படக் கூடாது.

தெள்ளாய்வுன்னதும் ஒரு அம்மா "தெள்ளுப்பூச்சிக்கு மருந்தடிக்கிறதா"ன்னாங்க. கொழி சோதனைன்னு சொல்லிப் பாத்தேன், "பணம் கொழிக்குங்கிற மாதிரி நோய் கொழிக்குதா"ன்னு மூஞ்சி சுளிச்சாங்க. அரிப்புல சலிக்கிறதுதானேன்னு நானா "அரிப்புச் சோதனை"ன்னேன், ரெண்டு பேரு கையச் சொறிஞ்சு காட்டினாங்க. சல்லடைச் சோதனைன்னதுக்கு "போலீஸ்காரங்க சல்லடை போட்டுத் தேடுவாங்களே அதா"ன்னு ஒருத்தங்க கேட்டாங்க, அது கிட்டத்தட்ட சரியான பொருள்தான், ஆனா குத்தவாளிய தேடுற மாதிரி ஆயிருது. ஸ்கிரீனிங்குக்கு யாரும் ஒண்ணும் சொல்லல, பேசாம இருந்தாங்க, அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. "வருமுன் சோதனை"ன்னு சொன்னப்ப ஒரு பாட்டி "வருமுன் காப்போம்னு கேம்ப் போடுவாங்கல்லா, அது மாதிரி, வர்றதுக்கு முந்தி பாத்துக்கிறது"ன்னு அவங்களே மத்தவங்களுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க.

இதுல நான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கக் காரணம் இருக்கு, நம்ம மடல் குழுவுல இதுவரைக்கும் சொன்னதில்ல. எங்கப்பாவுக்கு வெளிக்குப் போகும்போது ரெண்டு வருஷம் ரத்தம் போச்சு. மூலம்னுதான் எல்லாரும் சொன்னோம். அம்மா கருணைக்கிழங்கு, துத்திக்கீரைன்னு ஆக்கிப் போட்டாங்க, மருந்துக்கடையில கேக்கும்போதெல்லாம் ஆயின்மென்ட் குடுத்தாங்க, உள்ள ஒரு தடவை பாத்துருங்கன்னு ஒருத்தரும் சொல்லல. நான் நர்சிங் படிச்சவ, நானும் சொல்லல. கடைசியில ஒரு டாக்டர் விரல் விட்டுப் பாத்தாரு, ஒரு நிமிஷந்தான், கட்டி விரலுக்கே தட்டுப்பட்டுது. அப்பா போயி ஆறு வருஷமாச்சு. அதனால டாக்டர் தம்பி சொன்ன ரெண்டாவது விஷயம் நோட்டீஸ்ல மொதப் பக்கத்துல, பெரிய எழுத்துல: ரத்தம் போனா மூலம்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, முகாமுக்குக் காத்திருக்காதீங்க.

தென்காசி டாக்டர், ஞாயிறு ராத்திரி

அக்கா, வாசிச்சிட்டு கொஞ்ச நேரம் எழுத முடியல. அந்த வரி மொதப் பக்கத்துலயே வரட்டும்.

வருமுன் சோதனை பத்தி ஒண்ணே ஒண்ணு. மார்புக்கு மேமோகிராம்னு எக்ஸ்ரே எடுக்கிறது வந்த கேன்சர சீக்கிரமாக் கண்டுபிடிக்க, அதுக்கு வருமுன் சரியாப் பொருந்தாது. குடலுக்கு ரெண்டும் நடக்கு, பாலிப்ப எடுத்தா வருமுன்னேதான், சின்னக் கேன்சரக் கண்டா வந்ததும். இந்த நோட்டீசுக்கு நான் ஒத்துக்கிடுதேன், பொதுச் சொல்லா எல்லாத்துக்கும் வைக்கிறதுக்கு ஒத்துக்கிடல.

வள்ளியூர் தம்பி, ஞாயிறு ராத்திரி

எனக்கும் வருமுன் சோதனை சரி, ஸ்கிரீனிங்க விட்டுத்தாரேன். அண்ணாச்சிக்கு அவங்க தொல்காப்பியத்துலயே பதில் இருக்கு, "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா". வேர் எங்கருந்து வந்துதுன்னு தெரியாமலே சனங்க சொல்லப் புழங்குவாங்க.

அம்பை அண்ணாச்சி, திங்கள் காலை

தம்பி எடுத்துக் காட்டுனது சரியான நூற்பா. தோன்றலன்னாலும் காரணம் உள்ள இருக்குன்னுதான் அதுக்கு நான் பொருள் கொள்ளுவேன். வருமுன் சோதனைங்கிறதுல ஒண்ணு எனக்கு உறுத்துது. என்ன வருமுன்? நோய் வருமுன்னா, சாவு வருமுன்னா, எழுவாயே இல்ல. தெள்ளுதல்ல தெள்ளுற கையும் இருக்கு, கல்லும் இருக்கு. ஆனா டீச்சர் அப்பா கதையக் கேட்ட பொறவு நான் வாதம் பண்ணல. பதினோரு பேருக்கு வெளங்குன சொல்லே போகட்டும். என் கருத்து மாறலன்னு மட்டும் குறிச்சு வச்சுக்கிடுங்க.

நோட்டீஸ்ல ஒரு குறள் போடுதியளா? "இளைதாக முள்மரம் கொல்க களையுநர் கைகொல்லும் காழ்த்த இடத்து." முள்ளு மரத்த இளசுலயே வெட்டிரு, முத்திட்டா வெட்டுறவன் கையத்தான் அது கெடுக்கும்னு வள்ளுவர் பகைக்குச் சொன்னது, 879. டாக்டர் தம்பி சொன்ன அந்த 10 வருஷக் கணக்கு இதுல அப்படியே இருக்கு. பாலிப்புக்கு என்ன போட்டிருக்கிய? குடல்மரு நல்லா இருக்கும்.

சங்கரன்கோவில் லேப் தங்கச்சி, திங்கள் மத்தியானம்

மருன்னா தோல்ல வர்றதுன்னு நெனச்சு நூல் கட்டி அறுக்கப் பாப்பாங்க அண்ணாச்சி. குடல்மொட்டு? மொட்டுன்னா விரியறதுக்கு முந்தி கிள்ளணும்னு தோணும்ல.

வள்ளியூர் தம்பி, திங்கள் மத்தியானம்

மொட்ட யாரு கிள்ளுவா, பூக்கட்டும்னு விட்டுருவாங்க.

பாளை டீச்சர், திங்கள் 3:20

அச்சகத்துக்குக் கெளம்பிட்டேன். "வருமுன் சோதனை", "கண்ணுக்குத் தெரியாத ரத்தம்", பாலிப்புக்கு "குடல் உள்ள வளர்ற சின்னச் சதை"ன்னு போட்டிருக்கேன். குறள் கடைசிப் பக்கத்துல இருக்கு. மருவா மொட்டாங்கிறத அடுத்த அச்சுக்குப் பாத்துக்கிடலாம். அண்ணாச்சி, புரூஃப் 6 மணிக்கு வாட்ஸாப்ல அனுப்புவாங்களாம், ஒற்று மிகுற எடமெல்லாம் நீங்கதான் பாக்கணும், 7 மணிக்குள்ள திருப்பி அனுப்பிருங்க.